படர்க்கையில் நிற்பவர்கள்

கட்டுரையை அச்சுக்குக் கொடுத்த மூன்றாம் நாள் பிரஸ்ஸுக்குப் போயிருந்தேன். 1983. திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. மாடிப்படிக்கு அடியில் ஒரு டிரெடில் மெஷின், சுவரோரம் நான்கு கேஸ். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும். ஒழிந்த நேரத்தில் எங்கள் பத்திரிகை. காலி புரூஃபை நீட்டிய கம்பாசிடர், நான் பேனாவைத் திறக்குமுன்பே கேட்டார்: "சார், இதுல ஒரு வரி விட்டுப்போச்சா பாருங்க. செத்தவன் பேரு எங்கயும் வரல."

பெயர் கிடையாது, நாவலிலேயே அராபியன் என்றுதான் இருக்கிறது என்றேன்.

"கொன்னவன் பேரக் கோத்துக் கோத்து ஒத்தக் கொம்பும் ரெட்டக் கொம்பும் தீந்துபோச்சு. அதான் கேட்டேன்" என்றார்.

மெர்சோ என்று கோக்க இரண்டு கொம்பும் வேண்டும். அவருக்கு அது எழுத்துப் பஞ்சம். நான் சிரித்துவிட்டுத் திருத்தங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பெயரை நான் கேட்டதில்லை. பிரஸ்ஸில் எல்லோரும் 'அண்ணே' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே.

அந்தக் கட்டுரை ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' பற்றியது. 1942இல் பாரிஸில் வெளியான நாவல். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்த்து, 1980இல் க்ரியா வெளியீடாகத் தமிழுக்கு வந்தது. எங்களில் பலர் அதை ஒரே இரவில் படித்தவர்கள். தாய் இறந்ததற்கு அழாதவன், காதலிப்பதாகப் பொய் சொல்லாதவன், பாரிஸுக்கு மாற்றலாகி முன்னேறும் வாய்ப்பு வந்தபோது எல்லாம் ஒன்றுதான் என்று இருந்துவிட்டவன். எங்கள் வீடுகளிலும் சாவுக்கு அழுவதற்கு ஒரு முறை இருந்தது, ஆபீஸில் சிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. இரண்டிலும் மூச்சு முட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு மெர்சோ ஒரு ஜன்னல். 'அந்நியமாதல்' என்ற சொல் அப்போது எங்கள் சட்டைப்பையில் பேனா மாதிரி செருகியிருந்தது. அதை எடுத்து நான் அந்தக் கட்டுரையில் பதினான்கு பக்கம் எழுதினேன். கடற்கரையில் நடந்த கொலைக்கு ஒதுக்கியது ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்திலும் எழுவாய் சூரியன்.

இதழ் வந்ததும் ஏழெட்டுக் கடிதங்கள் வந்தன. அபத்தம் என்ற சொல்லின் மொழிபெயர்ப்புச் சரியா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஸார்த்தரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று இன்னொருவர். கம்பாசிடரின் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பின்னால் வந்த விமர்சனத் தலைமுறை மெர்சோவை விட்டுவிட்டு மறுபக்கத்தைப் பேச ஆரம்பித்தது. இப்போது வழங்கும் சொல் 'மற்றமை'. இந்தச் சொல்லோடு எனக்குத் தகராறு உண்டு. கருமை, வெண்மை, இனிமை என்பதுபோல இதுவும் பண்புப்பெயர். ஒருவரிடத்தில் ஒரு குணமாகக் குடியிருப்பது என்று அந்த 'மை' சொல்லிவிடுகிறது. அராபியனிடம் மற்றமை இருக்கிறது, பெண்ணிடம் இருக்கிறது, பைத்தியத்திடம் இருக்கிறது. அதை மதிக்கவேண்டும், போற்றவேண்டும். இப்படிப் பேசுகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் வேறு என்பது ஒருவர் உடம்பில் இருக்கிற பண்பா, அல்லது நான் நிற்கிற இடத்திலிருந்து அவரிடம் பேச்சு போய்ச்சேராததன் பெயரா? இந்தக் கேள்வியோடு நான் அந்த நாவலுக்குத் திரும்பிப் போனேன்.

போனவுடன் தடுக்கிய இடம் கடற்கரை இல்லை. அதற்கு முன்னால், ரேமோன் ஸின்தேஸ் என்ற அண்டைவீட்டுக்காரன் மெர்சோவைத் தன் அறைக்கு அழைத்துப்போய் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்கிற இடம். தன்னை ஏமாற்றிய காதலியை வரவழைத்து அவமானப்படுத்த வேண்டும்; அதற்குத் தூண்டில் இந்தக் கடிதம். ரேமோன் அவள் பெயரைச் சொல்கிறான். பெயரைக் கேட்டதும் அவள் மூர் இனத்தவள் என்று மெர்சோவுக்குத் தெரிந்துவிடுகிறது. வாசகனுக்கு மட்டும் அந்தப் பெயர் சொல்லப்படுவதில்லை.

இதை நான் 1983இல் கவனிக்கவில்லை. அராபியருக்குப் பெயர் இல்லை என்பது இன்று எல்லோரும் சொல்கிற குற்றச்சாட்டு. ஆனால் இங்கே நடந்திருப்பது பெயர் இல்லாமை அல்ல. பெயர் உச்சரிக்கப்பட்டது, காதில் விழுந்தது, அதிலிருந்து ஒரு தகவல் உருவப்பட்டது. பிறகு பெயர் கீழே போடப்பட்டது. தகவல் என்னவென்றால் அவள் 'நம்மவள்' இல்லை என்பது. மெர்சோ எதையும் மறைப்பவன் அல்ல. சவப்பெட்டியின் திருகுகளைச் சொல்கிறான், காப்பியில் பால் விட்டுக் குடித்ததைச் சொல்கிறான், ஆபீஸில் கை துடைக்கும் துண்டு சாயங்காலத்தில் ஈரமாகிவிடுவதைக்கூடச் சொல்கிறான். இவ்வளவு சொல்கிறவனுடைய வாயிலிருந்து ஒரு பெயர் மட்டும் வரவில்லை.

கடற்கரையில் சாகிறவன் அவளுடைய சகோதரன். அவனை மெர்சோ குறிப்பிடுகிற விதம் இன்னும் விசித்திரம்: ரேமோனுடைய ஆள். பகையால் வந்த உடைமை. ஊற்றுக்கரையில் பாறை நிழலில் அவன் மல்லாந்து கிடக்கிறான். சற்று முன்பு அவனோடு இருந்தவன் ஒரு சிறு நாணல் குழலில் மூன்றே ஸ்வரங்களைத் திரும்பத்திரும்ப ஊதிக்கொண்டிருந்தான். ஒரு குண்டு, இடைவெளி, பிறகு அசையாத உடம்பில் நான்கு. வழக்கு நடக்கிறது. முதியோர் இல்லத்தின் டைரக்டர் சாட்சி, காவலாளி சாட்சி, சாப்பாட்டுக்கடை ஸெலெஸ்த் சாட்சி, நாயைத் தொலைத்த ஸலமானோ சாட்சி. அராபியர் ஒருவரும் சாட்சிக்கூண்டில் ஏறுவதில்லை. அம்மாவின் சவத்துக்கு முன்னால் சிகரெட் பிடித்ததற்காக ஒருவனுக்குக் கழுத்து போகிறது. கானர் க்ரூஸ் ஓப்ரையன் 1970இல் காம்யு பற்றி எழுதிய சிறு நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். கத்தியை உருவிய ஓர் அராபியனைச் சுட்ட ஐரோப்பியனுக்கு அன்றைய அல்ஜீரியாவில் ஒரு பிரெஞ்சு நீதிமன்றம் மரண தண்டனை தந்திருக்கும் என்பது நம்பக்கூடியதல்ல; அப்படித் தருவதாகக் காட்டும்போது, இரு சாராருக்கும் ஒரே நீதி இருந்ததுபோன்ற ஒரு கற்பனையை நாவல் நமக்குள் நுழைத்துவிடுகிறது என்பது அவர் வாதம். 1993இல் எட்வர்ட் ஸயித் இதை இன்னும் விரித்தார். ஓப்ரையனின் புத்தகம் வந்த பத்து வருஷத்துக்குப் பிறகுதான் நாவலே தமிழில் வந்தது. படித்திருக்கலாம். படிக்கவில்லை.

காம்யுவுக்குக் கண் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. 1939 ஜூனில் 'அல்ஜே ரெப்யுப்ளிக்கேன்' பத்திரிகைக்காக அவர் கபீலியா மலைப் பகுதிக்குப் போய் எழுதிய கட்டுரைத் தொடர் இருக்கிறது. எத்தனை கிலோ தானியம் எத்தனை பேருக்கு, ஒரு நாள் கூலி எவ்வளவு, பள்ளிக்கூடம் எத்தனை மைல் என்று கணக்கோடு எழுதினார். தீஸி-ஊஸூவில் ஒரு விடியற்காலை, கந்தல் உடுத்த குழந்தைகள் குப்பைத்தொட்டிக்காக நாய்களோடு போட்டியிட்டதைப் பார்த்து எழுதினார். அந்த மனிதர்தான் மூன்று வருஷத்தில் இந்த நாவலைக் கொண்டுவந்தார். ரேமோனுக்கு அவர் வைத்த குடும்பப்பெயர், ஸின்தேஸ், அவருடைய தாய் பிறந்த வீட்டுப் பெயர். அராபியப் பெண்ணை ரத்தம் வர அடிப்பவனுக்குத் தன் தாய்வழிப் பெயரைக் கொடுத்தவர், தான் எந்தப் பக்கத்தில் பிறந்தவன் என்பதை மறந்து எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸார்த்தர் விஷயம் இதைவிட ஆச்சரியம். 1943இல் அவர் இந்த நாவலுக்கு ஒரு விளக்கக் கட்டுரை எழுதினார். இன்றும் படிக்கத் தகுந்தது. வாக்கியங்களின் தனிமை பற்றி அவர் சொன்னதைத்தான் நாங்கள் பத்து வருஷம் காப்பியடித்தோம். அதே 1943இல் 'இருத்தலும் இன்மையும்' வெளிவருகிறது. அதில் மற்றவனுடைய பார்வை பற்றிய பகுதி புகழ்பெற்றது. சாவித்துவாரத்தில் எட்டிப்பார்த்துக்கொண்டிருப்பவன் பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் தானே பார்க்கப்படும் பொருளாகிக் கூசிப்போகிறான். இந்தப் பார்வை 'அந்நிய'னில் அப்பட்டமாகவே இருக்கிறது. கடற்கரைக்குக் கிளம்பும் காலையில், புகையிலைக் கடையில் சாய்ந்து நின்று அராபியர் சிலர் மெர்சோவையும் நண்பர்களையும் பார்க்கிறார்கள். உயிரில்லாத பொருளைப் பார்ப்பதுபோல் தங்களைப் பார்த்ததாக மெர்சோவுக்குப் படுகிறது. ஸார்த்தரின் தத்துவத்துக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது. மேஜையின் ஒரு பக்கத்தில் தத்துவமும் மறுபக்கத்தில் நாவலும் வைத்துக்கொண்டிருந்தவர், கட்டுரையில் அந்தக் கண்களுக்கு எதிரே போய் நிற்கவில்லை. அவருடைய 'மற்றவன்' ஹோட்டல் தாழ்வாரத்திலும் பூங்காவிலும் வருகிறவன்; ஒரே ஊர்க்காரன், ஒரே பாஷைக்காரன். பிற்காலத்தில் ஸார்த்தர் மாறினார், ஃபனோனின் கடைசிப் புத்தகத்துக்கு 1961இல் முன்னுரை எழுதும் அளவுக்கு. அது வேறு கதை.

என் குற்றத்துக்கு ஸார்த்தரைத் துணைக்கு இழுக்கிறேன் என்று தோன்றலாம். உண்மையில் எனக்குச் சாக்கு அவரைவிடக் குறைவு. தமிழில் படித்தவன் நான். பிரெஞ்சில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் ஒரே சொல். மெர்சோ, மரி, ரேமோன் மூவரும் பஸ் ஏறிப்போனதைச் சொல்லும்போது, அந்தச் சொல் வாசகனையும் கூடவே ஏற்றிக்கொள்கிறதா விட்டுவிடுகிறதா என்று பிரெஞ்சு சொல்லாது. தமிழில் ஒருவன் இன்னொருவனிடம் நடந்த கதையைச் சொன்னால் 'நாங்கள் போனோம்' என்பான். கேட்கிறவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. இலக்கணமே என்னை வெளியே இறக்கிவிட்டு, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு புகையிலைக் கடையில் சாய்ந்திருந்தவர்கள் பக்கம் நிறுத்திவைத்தது. போதாததற்கு, இரண்டு நூற்றாண்டு வெள்ளைக்காரன் ஆண்ட மண்ணில் பிறந்தவன் நான். இருந்தும் ஓடிப்போய் அந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். மெர்சோ பக்கத்தில் இடம் கேட்டேன். அந்நியன் என்ற பட்டத்தை அவனோடு பங்குபோட்டுக்கொண்டேன். தன்னை அந்நியனாக உணர்வது அத்தனை சுகமாக இருந்தது.

தமிழ் இலக்கணம் மூவிடம் என்று ஒன்று சொல்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்தது. முன்னிலை என்றால் முன்னால் நிற்பது. படர்க்கை அப்பால் போய்விட்டது. நாவல் முழுவதும் அராபியர் 'அவர்கள்'. மெர்சோ அவர்களைப் பார்த்து 'நீ' என்று ஒரு வாக்கியம் சொல்வதில்லை. சொன்ன ஓரிடம் உண்டு, அந்தக் கடிதம். மெர்சோ ஓர் அராபியரை முன்னிலையில் வைத்து எழுதிய ஒரே எழுத்து அது. அதுவும் இன்னொருவன் சார்பில், பொய்யாக, அடிக்கக் கூப்பிடுவதற்காக. அதன் வாசகத்தையும் நமக்குக் காட்டவில்லை.

எமானுயேல் லெவினாஸின் தத்துவம் முழுக்கவும் இந்த முன்னிலையைப் பற்றியது என்று சொல்லலாம். 1906இல் லித்துவேனியாவில் பிறந்த யூதர். பிரெஞ்சுக் குடிமகனாகிப் போர்க்கைதியாக ஜெர்மனியில் ஐந்து வருஷம் இருந்தவர். லித்துவேனியாவிலிருந்த குடும்பத்தை நாஜிகளிடம் இழந்தவர். 1961இல் வெளியான 'முழுமையும் முடிவின்மையும்' என்ற நூலில், மற்றவரை அறிந்துகொள்வது என்பதே ஒருவகை விழுங்கல் என்று அவர் சொல்கிறார். எனக்கு எதிரே வருகிற முகம் அறிவுக்கான பொருள் அல்ல; கொல்லாதே என்ற கட்டளை அதிலிருந்து எனக்கு வருகிறது; நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். இந்த எண்ணத்தின் கனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'அந்நிய'னை வைத்துக்கொண்டு லெவினாஸைப் படிக்கும்போது ஓர் இடம் உறுத்துகிறது. அங்கே முகம் இருந்தது. பாறை நிழலில் கிடந்தவனின் முகத்தை மெர்சோ பார்க்கிறான்; அதில் விழுந்த நிழல்களால் அவன் சிரிப்பதுபோல் இருந்தது என்கிறான். பிறகு சுடுகிறான். நாவலில் வரும் முதல் அராபியரோ, மாரங்கோவில் சவ அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நர்ஸ். நோயால் மூக்கு அரிக்கப்பட்டு முகத்தின் குறுக்கே கட்டுப் போட்டவள். முகத்தில் தெரிவது அந்த வெள்ளைக் கட்டுதான்.

லெவினாஸ் சொல்கிற முகம் கண்ணுக்குத் தெரிகிற மூக்கும் வாயும் அல்ல என்று அவருடைய சீடர்கள் சொல்வார்கள். சரி. அப்படியானால் எந்த முகம் அந்தக் கட்டளையை இடுகிறது, எது இடுவதில்லை என்று யார் தீர்மானிப்பது? 1982 செப்டம்பரில், ஸப்ரா ஷதீலா படுகொலை நடந்த சில நாட்களில், ஒரு வானொலி உரையாடலில் அவரிடம் நேராகக் கேட்டார்கள்: இஸ்ரேலியருக்கு மற்றவர் என்றால் முதலில் பாலஸ்தீனர்தானே? மற்றவர் என்று தான் சொல்வதன் பொருள் அது அல்ல என்றார். மற்றவர் அண்டையார், அவர் உறவினராகவும் இருக்கலாம் என்றார். அண்டையாருக்குள்ளேயே ஒருவர் மற்றவருக்குத் தீங்கு செய்தால் யார் சரி, யார் தவறு என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்றும், மற்றவரில் பகைவரும் இருக்கக்கூடும் என்றும் சொன்னார். அதே உரையாடலில் பொறுப்பைப் பற்றி அவர் சொன்னவை கனமானவை. இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட முகத்தைக் காட்டிக் கேட்டபோது, முன்னிலை நழுவிப் படர்க்கைக்குப் போய்விட்டது. தத்துவவாதியைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அவரிடமே இப்படி என்றால் என் திருவல்லிக்கேணி மேதாவித்தனம் எம்மாத்திரம்.

அல்ஜியர்ஸுக்குத் தென்மேற்கே ப்ளிதா என்ற ஊரில் ஒரு மனநல மருத்துவமனை. 1953இல் ஃப்ரான்ஸ் ஃபனோன் அங்கே டாக்டராக வருகிறார். மார்த்தினிக் தீவுக்காரர், கறுப்பர். வெள்ளைக்காரன் கண்ணில் தான் வெறும் தோலாகிப்போன அனுபவத்தை ஒரு வருஷம் முன்புதான் புத்தகமாக எழுதியிருந்தார். மற்றவனாக இருப்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்கள் இருந்த ஒரு வார்டும் முஸ்லிம் ஆண்கள் இருந்த வார்டும். கூட்டம் போடுவது, விழா, பத்திரிகை, கைவேலை என்று நோயாளிகளைச் சேர்த்துவைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். பெண்கள் வார்டில் பலித்தது. ஆண்கள் வார்டில் மௌனம். 1954இல் ஃபனோனும் அஸுலே என்ற உதவி மருத்துவரும் சேர்ந்து, ஏன் தோற்றோம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். தத்துவப் புத்தகம் பத்து படிப்பதைவிட அதைப் படிக்கலாம். குற்றம் நோயாளிகளிடம் இல்லை. டாக்டருக்கு அராபி மொழி தெரியாது. நடுவில் நர்ஸ்கள் மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்ப்பாளன் அதுவரை அவர்களுக்குக் கோர்ட்டிலும் போலீஸிலும் தட்டுப்பட்டவன். விழாவும் நாடகமும் பிரெஞ்சு வாழ்க்கையிலிருந்து வந்தவை. பிறகு ஒரு காப்பிக்கடையை உள்ளேயே திறந்தார்கள், கதைசொல்லியை வரவழைத்தார்கள், அவர்களுடைய பண்டிகைகளைக் கொண்டாடினார்கள். வார்டு பேச ஆரம்பித்தது.

மௌனம் அவர்கள் குணமாக இருக்கவில்லை. கேள்வி கேட்கப்பட்ட பாஷையின் விளைவாக இருந்தது. 'மற்றமை' என்ற பண்புப்பெயரோடு எனக்குள்ள தகராறு இதுதான்.

இந்த வெளிச்சத்தில் 'அந்நிய'னின் இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். கைதான மெர்சோவை முதலில் ஒரு பொது அறையில் போடுகிறார்கள். உள்ளே பெரும்பாலும் அராபியர். அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். ஓர் அராபியனைக் கொன்றேன் என்கிறான். பேச்சு நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் இருட்டுகிறது. பிறகு, படுக்கப் பாயை எப்படிப் போடவேண்டும், ஒரு முனையைச் சுருட்டினால் தலையணையாகும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த இரவு மூட்டைப்பூச்சிகள் அவன் முகத்தில் ஓடுகின்றன.

நான்கைந்து வாக்கியம்தான். காம்யு இதை அழுத்தவில்லை, மெர்சோவும் நன்றி சொல்லவில்லை. ஆனால் நாவலில் இங்கேதான் அராபியர் அவனைத் தங்கள் முன்னிலையாக்குகிறார்கள். அவன் யாரைக் கொன்றான் என்று தெரிந்த பிறகும் அவனுக்குத் தலை வைக்க ஒன்று வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. லெவினாஸ் கேட்ட பதில் இது. தத்துவம் எதையும் படிக்காத கைதிகள், மூட்டைப்பூச்சி உள்ள அறையில், ஒரு பாயின் முனையைச் சுருட்டிக் காட்டி அதைச் சொல்லிவிட்டார்கள். அடுத்து மரி பார்க்க வரும் நாள். இரண்டு கம்பித் தடுப்புகளுக்கு நடுவே பல அடி இடைவெளி. ஐரோப்பியர் கத்துகிறார்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்பதில்லை. அராபியக் கைதிகளும் குடும்பத்தாரும் எதிரெதிரே குந்தியிருந்து தணிந்த குரலில் பேசுகிறார்கள், அவர்களுக்கு எல்லாம் கேட்கிறது. இதைக் கவனித்துச் சொல்பவன் மெர்சோதான். அவனுக்கு அந்தப் பேச்சு ஒரு முணுமுணுப்பு. அந்த வரிகளை எழுதிய கை அறியாமல் எழுதியிருக்காது.

2013இல் அல்ஜியர்ஸில் கமெல் தாவூத் என்ற பத்திரிகையாளரின் நாவல் வெளிவந்தது. 'மெர்சோ: மறுவிசாரணை' என்று சொல்லலாம். மறுவருஷம் பிரான்சிலும் வந்தது. கம்பாசிடரின் கேள்விக்கு முப்பது வருஷம் கழித்து வந்த விடை. செத்தவன் பெயர் மூஸா. கதை சொல்பவன் அவன் தம்பி ஹாரூன், ஒரானில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்த கிழவன். மூஸாவுக்காகப் பேசவந்தவர் ஹாரூன் என்பது மதநூல்களில் உள்ள செய்தி. தாவூத் அதைத் தெரிந்தே வைத்திருக்கிறார். பிள்ளையின் பிணம்கூடக் கிடைக்காத தாய், மெர்சோவின் தாய் செத்த அதே மாரங்கோவில் (விடுதலைக்குப் பின் ஹஜூத்) போய் வாழ்கிறாள். 1962 ஜூலையில், நாடு விடுதலையான கையோடு, அவள் தூண்ட ஹாரூன் நள்ளிரவில் ஒரு பிரெஞ்சுக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். விசாரிக்கிற அதிகாரிக்குக் கொலை பிரச்சினை இல்லை. ஏன் சில நாள் முன்பே, போர் நடக்கும்போது செய்யவில்லை என்பதுதான் பிரச்சினை. ஹாரூனும் மெர்சோ மாதிரியே கடவுளோடு சண்டை போடுகிறான். 2014 டிசம்பரில் ஒரு மதகுரு தாவூதுக்கு மரண தண்டனை தரவேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். அவர் நாவலை எவ்வளவு தூரம் படித்தாரோ.

நல்ல நாவல். பழிதீர்க்கும் நாவலாக நின்றுவிடாமல், பழிதீர்த்தவன் மெர்சோவாகவே ஆகிப்போவதைக் காட்டியது அதன் நேர்மை. ஆனால் அதன் உருவம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. மதுக்கடையில் ஒருவன் எதிரே இருப்பவனிடம் இடைவிடாமல் பேசும் அமைப்பு, காம்யுவே 1956இல் 'வீழ்ச்சி'யில் கையாண்டது. படர்க்கையில் கிடந்தவன் தன்மைக்கு வந்து 'நான்' என்கிறான். ஆனால் எதிரே இருப்பவன், ஓர் இளம் ஆராய்ச்சியாளன், நாவல் முழுவதும் வாயைத் திறப்பதில்லை. நாற்காலிகள் இடம் மாறியிருக்கின்றன.

அதைவிட எனக்குப் பெரிய உறுத்தல் ஒன்று. தங்களுக்குச் சகோதரியே கிடையாது என்று ஹாரூன் சாதிக்கிறான். ரேமோனிடம் அடி வாங்கிய அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பெண் அல்ல. அண்ணனின் மானத்தைக் காப்பாற்றுகிறான், புரிகிறது. ஆனால் அவளுக்கு இது இரண்டாவது வெளியேற்றம். முதல் நாவலில் அவள் பெயரைக் கேட்டவன் சொல்லவில்லை. இரண்டாவதில் குடும்பமே அவளைத் தெரியாது என்கிறது.

நானும் இத்தனை பக்கம் எழுதிவிட்டு ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'அந்நிய'னில் ஐரோப்பியருக்குக் கேட்கும்படியாக அராபியர் யாரும் பேசுவதில்லை என்று நான் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கைதிகளின் கேள்வியைச் சொல்லவில்லை. அது வெறும் செய்தியாக வந்துபோகிறது. சொல்ல வந்தது மாடிப்படிக் காட்சி. கடிதத்தை நம்பி வந்தவளை ரேமோன் அறைக்குள் வைத்து அடிக்கிறான். அலறல் கேட்டுக் குடித்தனக்காரர்கள் மாடிப்படியில் கூடுகிறார்கள். போலீஸைக் கூப்பிடு என்று மரி சொல்ல, எனக்குப் போலீஸைப் பிடிக்காது என்கிறான் மெர்சோ. அந்தப் பதிலை நாங்கள் 1983இல் ரசித்தோம். வேறு யாரோ கூட்டிவந்த போலீஸ்காரர் கதவைத் திறக்கவைக்கிறார். அப்போது அந்தப் பெண் பேசுகிறாள், பிரெஞ்சில், அத்தனை பேர் முன்னால்: இவன் என்னை அடித்தான், இவன் பெண்களை வைத்துப் பிழைக்கிறவன். இரண்டே வாக்கியம். புகார், சாட்சியம், உண்மை எல்லாம் அதில் இருக்கிறது. போலீஸ்காரர் அவளை வீட்டுக்குப் போகச் சொல்கிறார். சில நாள் கழித்து மெர்சோ ஸ்டேஷனுக்குப் போய் அவள் ரேமோனை ஏமாற்றியவள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறான். அவன் சொன்னதை யாரும் சரிபார்க்கவில்லை. பின்னால் கொலை வழக்கில் அரசு வக்கீல் அந்தக் கடிதத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார். அவளைக் கூப்பிடவில்லை.

கம்பாசிடர் என் கட்டுரையில் தேடியது செத்தவன் பெயரை. அவர் மேல் தவறில்லை. நான் எழுதிக்கொடுத்த காப்பியில் அவள் இல்லவே இல்லை.